புறப்பட மறுக்கும் மோட்டார் வண்டி

வீட்டு முற்றத்திலே நிற்கும் மோட்டார் வண்டி காலையில் இயங்க மறுத்தால், அதன் உரிமையாளர் முதலிற் செய்யும் காரியம் பெரும்பாலும் ஒன்றுதான். திறப்பை மீண்டும் மீண்டும் திருகுகிறார். ஐந்தாறு முறை திருகியபின் இறங்கிப் பொனற்றைத் திறக்கிறார். திறந்தபின், எதைப் பார்க்கவேண்டும் என்பது தெரியாமையால் எல்லாவற்றையும் பார்க்கிறார். அதற்குள் வேலிக்கு அப்பாலிருந்து அயலவர் ஒருவர் வந்துவிடுகிறார். பற்றறி போய்விட்டது என்பது அவர் தீர்ப்பு. அடுத்து வருபவர் பிளக்கு என்பார். மூன்றாமவர், தம் மைத்துனரின் வண்டிக்கும் இவ்வாறே நேர்ந்தது, அது பெற்றோல் பம்பு என்று அடித்துச் சொல்லுவார். மூவரும் பொய் சொல்லவில்லை; மூவர் கூறியனவும் நிகழக்கூடியனவே. ஆயின் வண்டியிடம் ஒருவரும் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

வண்டியிடம் கேட்பது என்பது வெறும் உவமையன்று. திறப்பைத் திருகும் அந்த ஒரு கணத்தில் வண்டி தன் நோயின் பாதியைச் சொல்லிவிடுகிறது. நாடி பிடிக்கும் வைத்தியர் நோயாளியைக் கண்டவுடன் மருந்துப் பெட்டியைத் திறப்பதில்லை. மோட்டார் வண்டி விடயத்தில் மாத்திரம் பலரும் மருந்தை முதலில் வாங்கிக்கொண்டு, அதற்கேற்ற நோயைப் பின்னர் தேடுகிறார்கள். இது செலவு மிகுந்த வழி.

என்ஜின் தானாகத் தொடங்கும் இயந்திரமன்று. உருளைக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து புகவேண்டும், அக்கலவை அமுக்கப்படவேண்டும், அமுக்கப்பட்ட வேளையில் மின்பொறி ஒன்று பாயவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் இவற்றைத் தன் வலுவினாலேயே செய்துகொள்ளும். நிற்கின்ற என்ஜினையோ வெளியிலிருந்து ஒருவர் சுழற்றிவிடவேண்டும். ஆதியில் அவ்வேலையை மனிதனின் கையே செய்தது. முன்புறத்திலே இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினார்கள். என்ஜின் எதிர்த்து உதைத்தபோது மணிக்கட்டு முறிந்தவர் பலர். சார்ள்ஸ் கெற்றரிங் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் உருவாக்கிய மின் ஸ்ராட்டர், கடிலக் வண்டிகளில் 1912ஆம் ஆண்டு மாதிரியிலே பொருத்தப்பட்டது. அதன் பின்னரும் நெடுங்காலம் உற்பத்தியாளர்கள் கைப்பிடியைக் கைவிடவில்லை. இலங்கையின் வீதிகளில் நன்கு அறிமுகமான மொறிஸ் மைனர், 1948ஆம் ஆண்டு வெளிவந்தபோது ஸ்ராட்டரோடு கைப்பிடியையும் உடன்கொண்டே வந்தது. அக்கைப்பிடியை இன்றும் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறத்தலாகாது. பெருவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கத்திலேயே வைத்துக் கைப்பிடியைக் கீழிருந்து மேலே இழுக்கவேண்டும். பெருவிரலால் வளைத்துப் பிடித்து மேலிருந்து கீழே அழுத்துவது மணிக்கட்டைப் பணயம் வைப்பதாகும்.

ஆகவே முதற் கேள்வி இது: திறப்பைத் திருகும்போது என்ஜின் சுழல்கிறதா, இல்லையா? வேறு எக்கேள்வியும் இதற்குப் பின்னரே வரவேண்டும். சுழலாத என்ஜினுக்குப் பிளக்கு மாற்றுவதிற் பயனில்லை. பொறி பாய்வதற்கு அங்கே இன்னும் வேளை வரவில்லை. நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளாத என்ஜினுக்குப் புதிய பற்றறி வாங்குவதும் அவ்வாறே. இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டவர் திருத்தகத்துச் சாமான்களிற் பாதியைத் தம் சந்தேகத்திலிருந்து நீக்கிவிடுகிறார்.

என்ஜின் சுழலவில்லை என்றாலும் அங்கே முற்றான மௌனம் இருப்பது அரிது. 'டக்' என்று ஒருமுறை மாத்திரம் கேட்கலாம். 'டக டக டக' என்று தொடர்ந்து அடித்துக்கொள்ளலாம். அல்லது ஸ்ராட்டர் மாத்திரம் 'கிர்ர்' என்று வேகமாகச் சுழல, என்ஜின் அசையாமல் நிற்கலாம். மூன்றாவது ஓசை, ஸ்ராட்டரின் சிறு பற்சக்கரம் என்ஜினின் பெருஞ்சக்கரத்தைக் கௌவவில்லை என்பதன் அடையாளம். தொடர்ந்து அடிக்கும் ஓசை பெரும்பாலும் பற்றறியின் தளர்ச்சியைக் காட்டும். இணைப்பை மூடும் காந்தத்துக்குப் போதிய மின்சாரம் கிடைக்கிறது; ஸ்ராட்டர் இழுக்கத் தொடங்கியவுடன் மின்னழுத்தம் சரிந்து காந்தம் விடுபடுகிறது; விடுபட்டதும் அழுத்தம் மீள்கிறது, காந்தம் மறுபடியும் பிடிக்கிறது. ஒற்றை 'டக்' ஓசைதான் மயக்கம் தருவது. அதை ஆராய்வதற்குக் காசு செலவில்லாத ஒரு சோதனை உண்டு.

முன்விளக்குகளை ஏற்றிவிட்டுத் திறப்பைத் திருகவேண்டும். வெளிச்சத்தைப் பார்த்துச் சொல்ல வேறொருவர் முன்னே, சற்று விலகி ஒரு பக்கமாக நின்றால் நன்று. வெளிச்சம் அறவே மங்கிப் போகுமானால் பற்றறி வெறுமையாய் இருக்கிறது, அல்லது அதன் முனைகளிற் பூட்டிய கம்பிகள் செம்மையாகத் தொடவில்லை. வெளிச்சம் ஓரளவு தாழ்ந்து, ஸ்ராட்டரும் முனகினால், மின்சாரம் போய்ச் சேர்கிறது. ஆனால் பற்றறி வலுக்குன்றியிருக்கலாம், அல்லது ஸ்ராட்டர் இறுகிக் கிடக்கலாம். வெளிச்சம் சிறிதும் குறையாமல் முன்போலவே ஒளிர்ந்தால், பற்றறியின்மீது பழியில்லை. மின்சாரம் இருக்கிறது, ஸ்ராட்டருக்குப் போகவில்லை, அல்லது அங்கிருந்து திரும்பி வர வழியில்லை. இக்காலத்து வண்டிகள் சில, திறப்பைத் திருகும்போது முன்விளக்குகளைத் தாமாகவே அணைத்துவிடும். அவற்றில் உள்விளக்கைப் பார்க்கலாம்.

திரும்பி வரும் வழி என்பது பலரும் மறந்துவிடுகின்ற ஒன்று. பற்றறியிலிருந்து ஸ்ராட்டருக்குப் போகும் தடித்த கம்பி கண்ணுக்குத் தெரியும். அங்கிருந்து மின்சாரம் என்ஜினின் இரும்பு வழியாகவும், வண்டியின் உடல் வழியாகவும் பற்றறிக்கு மீளவேண்டும். என்ஜினோ இறப்பர் தாங்கிகளின்மேல் இருக்கிறது. இறப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால், பின்னிய செப்புப் பட்டி ஒன்று என்ஜினையும் உடலையும் இணைத்துக்கொண்டு கீழே சேற்றுக்கும் எண்ணெய்க்கும் நடுவே தொங்குகிறது. வண்டி முழுவதிலும் இதைப்போல் அலட்சியம் செய்யப்படும் உறுப்பு வேறில்லை எனலாம்.

கொக்குவிற் பகுதியிலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பழைய மொறிஸ் மைனர் ஒன்றை வைத்திருக்கிறார் என்று கற்பனை செய்யலாம். மனைவியாரை மாதத்துக்கு ஒருமுறை அதிகாலையில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்வதுதான் அவ்வண்டியின் முக்கியமான கடமை. ஒரு கிளினிக் நாளில் வண்டி 'டக்' என்றது, அவ்வளவுதான். அயலிலுள்ள முச்சக்கரவண்டிக்காரரை எழுப்பிச் செல்லவேண்டியதாயிற்று. அன்று மாலையே ஆசிரியர் புதிய பற்றறி வாங்கினார். வண்டி இரண்டு கிழமை நன்றாக ஓடிற்று. புதிய பற்றறியின் வலு, தேய்ந்த வழியிலும் சிறிது தள்ளிக்கொண்டு போகும். அதனாலேயே இத்தகைய நோய்கள் மாறிவிட்டனபோல் மாயங்காட்டுகின்றன. பின்பு மறுபடியும் அதே 'டக்'. இம்முறை ஸ்ராட்டரைக் கழற்றிப் புதுப்பித்தார்கள். பத்து நாள் சுகம். அடுத்த கிளினிக் நாளன்று மீண்டும் முச்சக்கரவண்டி. ஓய்வூதியத்தில் இரண்டு பெருஞ்செலவுகள் போயின. மூன்றாவதாகத் திறப்புச் சுவிச்சை மாற்றுவதென்று தீர்மானமும் ஆயிற்று.

தொழில்நுட்பக் கல்லூரியிற் படிக்கும் அயல்வீட்டு இளைஞன் அப்போதுதான் தலையிடுகிறான்.

"சேர், முன்லைற்றைப் போட்டுவிட்டு ஒருக்கால் திறப்பைத் திருகுங்கோ."

விளக்குகள் சிறிதும் மங்கவில்லை. "பற்றறியிலே பிழையில்லை, சேர். திருகும்போது வேறு ஏதாவது கண்டீங்களா?" என்று அவன் கேட்க, ஆசிரியர் ஒன்றுமில்லை என்கிறார். வாசலில் நின்ற மனைவியார்தான் வாய் திறக்கிறார்: "தம்பி, நான் உவருக்குப் போன மாதமே சொன்னனான். சோக் இழுக்கிற கம்பியடியிலே ஏதோ கருகின மணம் வருகுது எண்டு. அது பழைய வண்டியின் மணம் எண்டு சொல்லிப்போட்டார்."

நோயின் பெயரை அந்த அம்மையார் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார். செப்புப் பட்டி இற்றுப்போனபோது ஸ்ராட்டரின் பெருமின்சாரம் திரும்பி வர வேறு வழி தேடிற்று. என்ஜினையும் உடலையும் இணைக்கும் வேறு உலோகம் சோக் கம்பியும் வேகமிதியின் கம்பியுமே. மெல்லிய அக்கம்பிகள் அவ்வளவு மின்சாரத்தைத் தாங்கமாட்டாமற் சூடேறிக் கருகின. இளைஞன் மின்மானியின் ஒரு முனையைப் பற்றறியின் உடலோடு பூட்டிய முனையிலும், மற்றதை என்ஜினின் துப்புரவான உலோகத்திலும் வைத்துத் திறப்பைத் திருகச் சொல்லுகிறான். அரை வோல்ற்றுக்கு உட்பட்டிருக்கவேண்டிய இடத்தில் முள் ஆறு வோல்ற்றைக் காட்டுகிறது. பின்னர் தடித்த கம்பியொன்றினால் என்ஜினை நேரே அந்த முனையோடு இணைத்தவுடன், என்ஜின் முதற் சுற்றிலேயே பற்றிக்கொள்கிறது. வாங்கவேண்டியிருந்தது ஒரு சாண் செப்புப் பட்டி.

ஆறு வோல்ற்று எவ்வாறு அங்கே தொலைந்தது என்பதைச் சிறு கணக்கினாற் காணலாம். சிறிய வண்டியின் ஸ்ராட்டர் நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும். 150 என்று கொள்ளலாம். அழுக்கேறிய இணைப்பொன்றின் தடை ஓமில் நூறில் நான்கு பங்கு மாத்திரமே எனினும், 150 அம்பியர் அதனூடு பாயும்போது ஆறு வோல்ற்று அவ்விடத்திலேயே வெப்பமாய்ப் போய்விடும். அதே தடையினூடு இரண்டு முன்விளக்குகளின் பத்து அம்பியர் பாய்ந்தால் இழப்பு அரை வோல்ற்றும் இராது. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. விளக்கு எரிகிறதே, ஹோர்ண் அடிக்கிறதே, பின் எப்படி இணைப்பிற் பிழை இருக்கும் என்று வாதிடுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். சூடேறும் இணைப்பே குற்றவாளி என்பதும் இதிலிருந்து விளங்கும். சில கணம் திருகியபின் கையால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாலே அதைக் கண்டுகொள்ளலாம்.

பற்றறியைப் பற்றிச் சில எண்களை மனத்தில் வைத்திருப்பது நன்று. இரவு முழுதும் ஓய்ந்திருந்த நல்ல பற்றறி 12.6 வோல்ற்று வரை காட்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே போயின் அது வெறுமைக்கு அண்மையில் இருக்கிறது. ஸ்ராட்டர் சுழலும்போது ஒன்பதரைக்குக் கீழே விழலாகாது. என்ஜின் ஓடும்போது பதினான்கின் அயலில் நிற்கவேண்டும். நில்லாவிட்டால் நோய் பற்றறியில் அன்று, அதற்கு ஊட்டும் மின்பிறப்பாக்கியிலோ அதன் பட்டியிலோ இருக்கிறது. முனைகளிற் பூக்கும் வெண்பொடியையும் பசும்பொடியையும் வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவலாம். கம்பிகளைக் கழற்றும்போது உடலோடு பூட்டிய கம்பியையே முதலிற் கழற்றவேண்டும். இன்றைய வண்டிகளில் அது மறைமுனை. பழைய மொறிஸ் மைனரிலோ நேர்முனைதான் உடலோடு பூட்டப்பட்டிருக்கும். இதை அறியாமல் வேறொரு வண்டியிலிருந்து மின்சாரம் கடன் வாங்கப் போனவர்கள் தீப்பொறி மழை கண்டிருக்கிறார்கள். நேரோடு நேர், மறையோடு மறை என்பது எப்போதும் மாறாது. ஆனால் இவ்விருவகை வண்டிகளின் உடல்களும் ஒன்றையொன்று தொடவே கூடாது. கடைசி இணைப்பைப் பற்றறியின்மேற் கொடாமல், விலகியுள்ள என்ஜின் உலோகத்திற் கொடுக்கவேண்டும். பற்றறி ஐதரசன் வாயுவை வெளிவிடுவது, அஃது ஒரு சிறு பொறியில் வெடிக்கும்.

மின்னேற்றினால் ஓடுகிறது, மறுநாட் காலையில் மறுபடியும் வெறுமை என்றால், இரவிலே யாரோ மின்சாரத்தைக் குடிக்கிறார்கள். பின்பெட்டியின் விளக்கு அணையாதிருக்கலாம். வானொலியோ எச்சரிக்கை மணியோ பிழையாகப் பூட்டப்பட்டிருக்கலாம். எல்லாவற்றையும் அணைத்து, சற்றுப் பொறுத்திருந்து, மின்மானியைப் பற்றறியின் கம்பிக்கு இடையிலே தொடராக வைத்துப் பார்த்தால், இன்றைய வண்டியொன்றில் ஓர் அம்பியரின் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஓடுதல் முறையன்று. அரை அம்பியர் ஓடினால் நாற்பது அம்பியர்-மணிப் பற்றறி எண்பது மணித்தியாலத்தில் வற்றிவிடும். அதற்கு நெடுநேரம் முன்பே ஸ்ராட்டரைச் சுழற்றும் வலுவை இழந்துவிடும். பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்ற, எதைக் கழற்றும்போது முள் விழுகிறதோ அவ்வழியிலே கள்வன் இருக்கிறான். மின்மானி அவ்வாறு இருக்கும்போது திறப்பைத் திருகினால், மின்மானியின் ஆயுள் அன்றோடு முடியும்.

கள்வன் எவரும் இல்லாமலே வற்றுவதும் உண்டு. 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்திலும், 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களிலும், இலங்கையில் எத்தனையோ வண்டிகள் கிழமைக் கணக்காக அசையாமற் கிடந்தன. கடைக்கும் வீட்டுக்குமாக ஒரு மைல் ஓடும் வண்டியும் ஏறக்குறைய அந்நிலையிலேயே இருக்கிறது. திறப்பைத் திருகியதிற் போன மின்சாரத்தை மீட்டெடுக்க அவ்வோட்டம் போதாது.

இனி, என்ஜின் தாராளமாகச் சுழல்கிறது, ஆனாற் பற்றிக்கொள்ளவில்லை என்னும் மற்றப் பாதி. இங்கே சந்தேகத்துக்குரியோர் பிரதானமாக இருவர்: எரிபொருள், மின்பொறி. இருவரிலும் யார் என்பதை ஒரு பிளக்கே பெரும்பாலும் சொல்லிவிடும். சிறிது நேரம் சுழற்றியபின் பிளக்கொன்றைக் கழற்றிப் பார்க்கவேண்டும். அது பெற்றோலில் நனைந்திருந்தால், எரிபொருள் வந்திருக்கிறது, பொறி வரவில்லை. அல்லது எரிபொருள் அளவுக்கு மிஞ்சி வந்து பொறியை மூழ்கடித்துவிட்டது. உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. மூழ்கிய என்ஜினுக்கு மருந்து எளிது. சோக்கை உள்ளே தள்ளி, வேகமிதியை அடிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுழற்றினால் மிகுதிப் பெற்றோலைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மிதியைப் பம்புவதுபோல் அடித்தால் நிலைமை மோசமாகும். காபரேற்றர் இல்லாத புதிய வண்டிகள் பலவற்றிலும் மிதியை அடிவரை அழுத்திச் சுழற்றினால் எரிபொருள் நிறுத்தப்படும்படி ஏற்பாடு இருக்கிறது.

உலர்ந்த பிளக்கைக் கண்டவர் பம்பைக் கேட்கவேண்டும். மொறிஸ் மைனரில் திறப்பைப் போட்டவுடன் மின்பம்பு 'டிக் டிக்' என்று அடித்து, காபரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். ஓயாமல் அடித்தால் தாங்கியிற் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் எங்கோ காற்றுப் புகுகிறது. கிண்ணம் வெறுமையாயிருந்தும் அடிக்கவில்லையானால் பம்புக்குள் இருக்கும் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம்; மரக்கட்டையால் ஒரு செல்லத் தட்டுத் தட்டினால் விழித்துக்கொள்வதும் உண்டு. புதிய வண்டிகளிற் பம்பு தாங்கிக்குள்ளேயே இருப்பது வழக்கம். திறப்பைப் போட்டவுடன் பின்னாசனத்தின் பக்கத்திலிருந்து இரண்டொரு கணம் மெல்லிய முரல் ஓசை வரும். வானொலியை அணைத்துக் கதவுகளை மூடினால் அது கேட்கும். அது வராவிட்டால் பம்பின் பியூசையும் றிலேயையும் பார்த்தபின்னரே பம்பைச் சந்தேகிக்கவேண்டும்.

நனைந்த பிளக்கைக் கண்டவர் பொறியின் வழியைத் தொடர்ந்து போகவேண்டும். வட கீழ்ப் பருவமழைக் காலத்தில், கார்த்திகை மார்கழி விடியற்காலைகளில், பழைய வண்டிகளின் நோய் பெரும்பாலும் டிஸ்ரிபியூட்டரின் மூடிக்குள் படிந்த ஈரமேயாகும். உலர்ந்த துணியால் உட்புறத்தைத் துடைத்தல் போதும். அங்கேயுள்ள தொடுமுனைகளின் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. பிளக்கின் இடைவெளி ஆயிரத்தில் இருபத்தைந்து. இடைவெளி அளக்கும் தகடு ஒன்று இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யக்கூடிய வேலை இது. பிளக்கை என்ஜினில் தொடவைத்துப் பொறி பார்க்கும் பழைய வழக்கம் இருக்கிறதே, அதிலே ஒரு கண்டிப்பு வேண்டும். பெற்றோல் சிந்திய இடத்திலும், பிளக்குத் துளையின் அருகிலும் அதைச் செய்வது தீக்கு அழைப்பு விடுப்பதாகும். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில் கொண்ட புதிய வண்டிகளில் வீட்டில் அதைச் செய்யாதிருத்தலே நன்று. கணினிப் பெட்டியை ஊறுபடுத்த அது போதும்.

அத்தகைய வண்டி தன் நோயை வேறு வழிகளிற் சொல்லுகிறது. திறப்பைப் போட்டதும் முகப்பிலே திறப்பு வடிவான சிறு விளக்கு ஓயாது சிமிட்டினால், வண்டி தன் திறப்பை அடையாளங் காணவில்லை; மற்றத் திறப்பால் முயன்று பார்க்கலாம். என்ஜின் சுழலும்போது சுற்றளக்கும் முள் சிறிதும் அசையாதிருந்தால், சுழற்சியை உணரும் உணரியைச் சந்தேகிக்க இடமுண்டு. கோளாற்றுக் குறியீட்டை வாசிக்கும் சிறு கருவிகள் இப்போது கைத்தொலைபேசியோடு இணைத்துப் பார்க்கத்தக்க விலையிற் கிடைக்கின்றன. நல்ல கருவிதான். ஆனால் அது சொல்வது எந்த மின்வழியிற் குறை என்பதையே. எந்த உறுப்பை வாங்கவேண்டும் என்பதை அன்று. குறியீட்டைக் கண்டவுடன் உணரியை வாங்க ஓடுகிறவர், 'டக்' என்றவுடன் பற்றறி வாங்கிய ஆசிரியரின் வழியிலேயே போகிறார். எலி கடித்த கம்பிக்கும் அதே குறியீடுதான் வரும். வீட்டில் நிற்கும் வண்டியின் பொனற்றுக்குள் எலி குடியிருப்பது நாடறிந்த செய்தி.

எரிபொருள் இருந்தும் என்ஜின் பற்றாமைக்கு இன்னொரு காரணம், அது ஆவியாகாமை. பெற்றோல் பல எண்ணெய்களின் கலவை. அவற்றுள் மெல்லியவை முதலிற் பறந்துவிடும். குளிர்ந்த என்ஜின் பற்றிக்கொள்வது அந்த மெல்லிய பகுதியினால்தான். பல மாதம் கிடந்த வண்டியின் பெற்றோல் எரியுமேயன்றி எளிதில் ஆவியாகாது. இவ்வுண்மையை யாழ்ப்பாணத்து மக்கள் எந்தப் புத்தகத்திலும் படித்து அறியவில்லை. 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடையாதொழிந்த ஆண்டுகளில், அமுக்கம் குறைந்த பழைய என்ஜின்களை அங்கே மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிற் பொன்போற் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்கு ஊட்டி என்ஜினைத் தொடக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நடுவழியில் என்ஜின் நின்று ஆறிவிட்டால் மறுபடியும் துளிகள் வேண்டும். நோயாளியை ஏற்றிச் செல்பவருக்கு அச்சிறு போத்தல் உயிர்ப் பொருளாய் இருந்தது. கரும்புகை, பிளக்கிற் படியும் கரி, எண்ணெயோடு கலந்து கெட்டுப்போகும் மசகு ஆகியவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு அவ்வண்டிகள் ஓடின. அந்நாளைய திருத்துநர்கள் ஓசையையும் மணத்தையும் கொண்டே நோயறியக் கற்றது, மாற்றுவதற்குப் புதிய உறுப்புகள் கிடையாமையாலேயே.

குளிர்ந்த வேளையில் நன்றாகத் தொடங்கி, கடைக்குப் போய்வந்தபின் சூட்டில் மாத்திரம் மறுக்கும் பழைய வண்டி இதற்கு நேர் எதிரானது. அங்கே பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துவிடுகிறது. என்ஜின் சற்று ஆறியபின் நனைந்த துணியொன்றைக் குழாயின்மேற் போட்டுக் காத்திருத்தலே போதும். டீசல் வண்டிகளுக்குப் பிளக்கும் பொறியும் இல்லை. சுருள் வடிவான விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து தொடக்குவதும், குழாயிற் காற்றுப் புகுந்திருந்தால் வடிகட்டியின்மேல் உள்ள கைப்பம்பால் அதை வெளியேற்றுவதும் வீட்டிலே செய்யத்தக்கன.

தள்ளித் தொடக்குதலைப் பலரும் முதல் வைத்தியமாகக் கொள்கின்றனர். கையால் கியர் மாற்றும் வண்டியிற் பற்றறி சிறிது தளர்ந்திருக்கும்போது மாத்திரமே அது பயன்படும். இரண்டாம் கியரில் வைத்து, வேகம் எடுத்தபின் கிளச்சை விடுதல் முறை. தானியங்கிக் கியர் வண்டியை எவ்வளவு தள்ளினாலும் தொடங்காது. பொறியில்லாமல் எரிபொருள் மாத்திரம் செல்லும் வண்டியை நெடுந்தூரம் தள்ளினால், எரியாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள வடிகட்டும் உறுப்பைச் சேர்ந்து, பின்னர் அங்கே எரிந்து அதைப் பாழாக்கும். அதன் விலை சிறிதன்று. எவ்வாறு தொடக்கினாலும், கொட்டிலின் கதவை மூடிக்கொண்டு என்ஜினை ஓடவிட்டுச் சோதிப்பது மாத்திரம் கூடவே கூடாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைச்சுற்றல் வந்தபின் வெளியே நடந்துவரக் காலில் வலு இராது.

இவ்வளவும் பார்த்தபின்னும் வண்டி மறுக்குமானால் திருத்துநரை அழைப்பதே முறை. அழைக்கும்போது "கார் ஸ்ராட் ஆகுதில்லை" என்று சொன்னால், அவர் தம் கையிலுள்ள எல்லாச் சாமான்களோடும் எல்லாச் சந்தேகங்களோடும் வருவார். சந்தேகம் ஒவ்வொன்றுக்கும் கூலி உண்டு. "என்ஜின் சுழலுது, பம்பு கேட்குது, பிளக்கு நனைந்திருக்கு, நேற்று மழை" என்று சொன்னால், ஓர் உலர்ந்த துணியையும் இடைவெளி அளக்கும் தகட்டையும் சைக்கிட் பையிற் போட்டுக்கொண்டு அவர் வந்துவிடுவார்.